மிதிவண்டித் தேர்வு

கடைக்குச் சென்று ஒரு பொருளை வாங்குதல் எளிது. நமக்கு வேண்டிய பொருள் இன்னது எனத் தெரிந்து வாங்குதல் அரிது. எழுதுகோல் வாங்குவோர் அது தம் விரல்களுக்கு ஒத்து வருமா என எழுதிப் பார்க்கின்றனர். செருப்பு வாங்குவோர் காலை நுழைத்து நான்கடி நடந்து பார்க்கின்றனர். ஆனால் நாள்தோறும் தம் உடலைச் சுமந்து செல்லவேண்டிய மிதிவண்டியை வாங்கும்போதோ, பலர் அதன் நிறத்தையும் மினுமினுப்பையும் விலையையும் மட்டுமே நோக்குகின்றனர். அங்ஙனம் வாங்கப்பெற்ற வண்டிகளுள் பல, சில திங்களுக்குள் வீட்டுச் சுவரோரம் சாத்தப்பட்டுத் தூசு படிந்து கிடத்தலைக் காண்கிறோம். ஓட்டாமல் விட்டவரைச் சோம்பேறி என்று உலகம் பழிக்கிறது. அவருக்கு முழங்கால் நொந்ததா, முதுகு வலித்ததா, மழையில் உடை சேறாயிற்றா, இரவில் வழி தெரியாது அஞ்சினாரா என்று எவரும் வினவுவதில்லை.

மாணவ மாணவியரே! பள்ளியையும் கல்லூரியையும் விட்டு வேலைக்குச் செல்லும் நாள் உங்களுக்கும் வரும். வேலைக்களம் வீட்டிலிருந்து 4 அல்லது 5 கிலோமீட்டர் தொலைவில் அமைதல் நம் ஊர்களில் இயல்பு. 5 கிலோமீட்டரை நடந்து கடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். மிதிவண்டியில் 20 நிமிடம் போதும். ஆக்ஸ்போர்டு அறிஞர் எஸ். எஸ். வில்சன் என்பார் 1973-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரே தொலைவைக் கடக்க நடப்பவர் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கே மிதிவண்டியில் செல்பவருக்குத் தேவைப்படும் எனக் கணக்கிட்டுக் காட்டினார். எரிபொருள் வேண்டாது, புகை கக்காது, ஓட்டுநர் உரிமம் கேளாது, சிறு சம்பளக்காரரின் பணப்பையைக் காக்கும் இவ்வூர்தியைத் தக்கவாறு தெரிந்தெடுக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

குறையை நீக்கப் பிறந்த வண்டி

மிதிவண்டியின் வரலாறே நமக்கு ஒரு பாடம். 1817-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டைச் சார்ந்த கார்ல் வான் திரைசு என்பவர் இரு சக்கரங்களை ஒரு மரச்சட்டத்தில் பூட்டி, காலால் தரையை உந்தி ஓட்டினார். அவ்வண்டிக்கு மிதி இல்லை. 1860-களில் பாரிசு நகரத்தார் முன்சக்கரத்தில் மிதியைப் பொருத்தினர். விரைவு வேண்டும் என்று முன்சக்கரத்தை மேலும் மேலும் பெரிதாக்கினர். விழுந்தால் தலை குப்புற விழும் இடர் உண்டாயிற்று. 1885-இல் இங்கிலாந்தின் காவென்றி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் இரு சக்கரங்களையும் ஏறத்தாழ ஒத்த அளவினவாக்கிச் சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கி அவ்விடரைப் போக்கினார். 1880-களின் பிற்பகுதியில் பெல்பாசுட்டு நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டியின் அதிர்ச்சியைக் குறைக்க எண்ணிக் காற்றடைத்த டயரைச் செய்தார். ஒவ்வொரு மாற்றமும் ஓட்டுபவர் உற்ற ஒரு துன்பத்தை நீக்கவே வந்தது என்பது இதனால் விளங்கும். ஆதலின் வண்டியைத் தெரிந்தெடுப்போர் முதற்கண் தம் தேவையைத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

வழியை அளத்தல்

வண்டியைப் பார்க்குமுன் வழியைப் பார்த்தல் நன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பெற்ற ஓர் இளைஞர், அங்கிருந்து 4 கிலோமீட்டர் தொலைவில் குடியிருக்கிறார் எனக் கொள்வோம். போகவும் வரவும் நாளொன்றுக்கு 8 கிலோமீட்டர். திங்களுக்கு 26 நாள் வேலை என்றால் 208 கிலோமீட்டர். ஓராண்டிலோ ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் ஆகிறது. சென்னையிலிருந்து தில்லிக்கு உள்ள இருப்புப்பாதைத் தொலைவினும் இது மிகுதி. குறுந்தொலைவுதானே என்று எண்ணி எவ்வண்டியாயினும் போதும் என்பார் கூற்று எவ்வளவு பிழையுடையது என்பதை இக்கணக்கே காட்டும்.

விடுமுறை நாளில் அவ்வழியே ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும். தார்ச்சாலை எவ்வளவு, மண்சாலை எவ்வளவு, மேடு பள்ளம் எங்கே, மழைநீர் தேங்கும் இடம் எது, இரவு வேலை முடிந்து திரும்புகையில் விளக்கு இல்லாத தெரு எது என்று குறித்துக்கொள்ளல் வேண்டும். நெடுஞ்சாலையினும் உட்தெரு அரைக் கிலோமீட்டர் மிகுதியாயினும், லாரிகளின் நெருக்கடி இல்லையேல் அதுவே நல்வழி. இருப்புப்பாதைக் கடவு குறுக்கிட்டால், தண்டவாளத்தைச் சாய்வாக அன்றி நேர்குறுக்காகக் கடக்க இடம் உண்டா என நோக்குதல் தகும். சாய்வாகச் சென்றால் தண்டவாளப் பள்ளத்தில் சக்கரம் சிக்கும். வேலைக்களத்தில் வண்டியை நிறுத்த நிழலும் காவலும் உண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

வண்டியின் வகைகள்

இன்று கடைகளில் காணும் வண்டிகள் பல வகையின. நம் தந்தையரும் பாட்டனாரும் ஓட்டிய கறுப்பு நிற வண்டி முதல் வகை. 1949-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டி. ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரிலும், 1956-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஹீரோ நிறுவனம் லூதியானாவிலும் இத்தகைய வண்டிகளைச் செய்து நாடெங்கும் பரப்பின. அதன் எடை 20 கிலோகிராம் அளவினது. ஆயினும் மூட்டையும் சுமக்கும், ஆளையும் சுமக்கும். பழுதுற்றால் எந்தச் சிற்றூர்க் கடையிலும் செம்மை செய்யலாம். நிமிர்ந்து அமர்ந்து நெடுந்தொலைவு நோக்கி ஓட்ட ஏற்றது அது.

தடித்த டயரும் அதிர்ச்சி தாங்கும் சுருள்வில்லும் உடைய மலைவழி வண்டி இரண்டாம் வகை. இளைஞர் கண்ணைக் கவர்வது இதுவே. கல்லும் வேரும் நிறைந்த காட்டுப்பாதைக்கு அச்சுருள்வில் வேண்டும். தார்ச்சாலையிலோ நாம் மிதிக்கும் விசையில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். வண்டியின் எடையையும் கூட்டும். வளைந்து தாழ்ந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் உடைய பந்தய வண்டி மூன்றாம் வகை. அது விரைந்து ஓடும். ஆனால் குனிந்தே ஓட்டவேண்டும். பள்ளத்தில் டயர் எளிதில் பஞ்சராகும். பின்புறம் கேரியர் பொருத்த இடம் இருப்பது அரிது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நகர்ப்புற வண்டி நான்காம் வகை. நேரான கைப்பிடியும் நடுத்தரத் தடிப்புள்ள டயரும் உடைய இது, செப்பமான நகரச் சாலைக்குப் பொருந்தும். புறநகர் இரயிலில் ஒரு பகுதியும் வண்டியில் ஒரு பகுதியும் செல்வோருக்கு மடக்கு மிதிவண்டி உதவும். மின்விசை துணைபுரியும் மிதிவண்டியும் இக்காலத்தில் வந்துள்ளது. முதியோருக்கும், முழங்கால் நோயுடையோருக்கும், ஏற்றம் மிகுந்த வழியில் செல்வோருக்கும் அது நன்மை பயப்பது. ஆனால் அதன் மின்கலம் எடை மிக்கது. காலத்தில் மாற்றவும் வேண்டும். 4 கிலோமீட்டர் சமநிலத்தில் செல்லும் நம் இளைஞருக்கு அது தேவையன்று.

உடலுக்கு ஏற்ற சட்டம்

வகையைத் தெரிந்தபின் அளவைத் தெரிதல் வேண்டும். வண்டியின் உயிர்நிலை அதன் சட்டம். டயர் தேய்ந்தால் மாற்றலாம், இருக்கையை மாற்றலாம், சட்டம் உடலுக்குப் பொருந்தாவிடின் வண்டியையே மாற்றவேண்டும். மேற்கம்பி உடைய வண்டியாயின், அதன் இருபுறமும் பாதங்களைத் தரையில் முழுதும் ஊன்றி நிற்க. கம்பிக்கும் உடலுக்கும் இடையே இரண்டு மூன்று விரற்கிடையேனும் வெளி இருத்தல் வேண்டும். இல்லையேல் திடீரெனக் காலூன்றும் நேரத்தில் அடிபடும்.

பெரியோர் வண்டியின் பாருக்கு அடியில் காலை நுழைத்துச் சிறுவர் ஓட்டும் 'குரங்குப் பெடலை' நீங்கள் அறிவீர்கள். கற்கும் பருவத்தில் அது ஒரு விளையாட்டு. ஆனால் வளர்ந்த பின்னும் அளவு பொருந்தாத வண்டியில் உடலை வளைத்தும் நெளித்தும் ஓட்டுதல் நோய்க்கு வழி. இருக்கையின் உயரத்தை அறிய எளிய முறை ஒன்று உண்டு. இருக்கையில் அமர்ந்து, பெடலைத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வைக்க. அப்போது கால் நேராக நீளவேண்டும். பின்னர் முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் சிறிதே மடங்கி நிற்கும். அதுவே தக்க உயரம். இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவிறந்து மடங்கும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும்.

மேற்கம்பி இல்லாத வண்டியைப் பெண்டிர் வண்டி என்றும், உள்ளதை ஆடவர் வண்டி என்றும் கடைக்காரர் பிரித்துக் கூறுவர். இப்பிரிவு உடையை நோக்கி எழுந்தது; சட்டமாக எழுதப்பட்டதன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் ஊர்ப்புறப் பெண்களுக்குக் கற்பித்தது. கல்லுடைப்போர், வயலில் உழைப்போர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள் ஏளனச் சொற்களைப் பொருட்படுத்தாது ஓட்டக் கற்றனர். பேருந்துக்குக் காத்துக் கிடந்த நேரம் அவர்களுக்கு மீண்டது. தந்தையோ கணவனோ உடன்பிறந்தானோ அழைத்துச் செல்லவேண்டும் என்னும் நிலை மாறியது. அவர்களுள் பலர் ஆடவர் வண்டியையே விரும்பினர். காரணம் யாது? மேற்கம்பியின்மேல் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதே! பெயரைப் பாராது பயனைப் பார்த்துத் தெரிந்தெடுத்த அப்பெண்களிடம் நாம் கற்கவேண்டியது மிகுதி. சேலையோ பாவாடையோ உடுத்து ஓட்டுவோர் வண்டி எவ்வகையதாயினும், பின்சக்கரத்தில் உடை சிக்காதவாறு காக்கும் வலையும், சங்கிலியை முழுதும் மூடும் உறையும் உள்ளனவா என்று காணல் இன்றியமையாதது.

பற்சக்கரமும் கியரும்

கியர் மிகுந்த வண்டியே உயர்ந்த வண்டி என்று பலர் கருதுகின்றனர். கியர் என்பது யாது? பெடலோடு சுழலும் முன் பற்சக்கரத்தில் 44 பற்களும், பின்சக்கரத்தில் பூட்டிய பற்சக்கரத்தில் 22 பற்களும் உள்ளன எனக் கொள்க. பெடல் ஒருமுறை சுழன்றால் பின்சக்கரம் இருமுறை சுழலும். 28 அங்குல விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஆகவே ஒரு சுழற்சிக்கு வண்டி 4.4 மீட்டர் முன்னேறும். நிமிடத்திற்கு 60 சுழற்சி மிதித்தால் 264 மீட்டர் செல்லும். மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஆகிறது. நம் இளைஞர் 4 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் கடந்துவிடுவார்.

பின் பற்சக்கரத்தில் பற்களைக் குறைத்து 16 ஆக்கினால், ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் செல்லலாம். ஆனால் மிகுந்த விசையுடன் மிதிக்கவேண்டும். முன்னும் பின்னும் 32 பற்களே இருப்பின், ஒரு சுழற்சிக்கு 2.2 மீட்டரே செல்லும். ஆனால் மலையேற்றத்திலும் கால் சோராது. தொலைவில் பெறுவதை விசையில் இழக்கிறோம். விசையில் பெறுவதைத் தொலைவில் இழக்கிறோம். கியர் நமக்கு ஆற்றலைத் தருவதில்லை. நம் ஆற்றலை வழிக்கு ஏற்பப் பங்கிட்டுத் தருகிறது.

தஞ்சைச் சமவெளியிலும் அம்பத்தூரிலும் செல்வோருக்கு ஒற்றைப் பற்சக்கரமே போதும். அதில் பழுது குறைவு; செலவும் குறைவு. மேம்பாலங்கள் பலவற்றைக் கடப்போருக்கும், கடற்கரையோரம் எதிர்காற்றில் செல்வோருக்கும் 3 முதல் 7 கியர்கள் உதவும். குன்னூர், கொடைக்கானல் போன்ற மலையூர்களில் வாழ்வோருக்கு மட்டுமே பல கியர்கள் உண்மையில் தேவை. பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே அமைந்த மூன்று வேகக் கியர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அது மழையும் மணலும் புகாதது. ஆதலின் நாள்தோறும் ஓட்டுவோருக்குப் பெரிதும் ஏற்றது. 21 கியர் என்று விளம்பரம் செய்யப்படும் வண்டியை வாங்கி, ஒரே கியரில் ஆண்டு முழுதும் ஓட்டுவார் பலர். பயன்படாத 20 கியர்களுக்கும் அவர்கள் விலை கொடுத்துள்ளனர் அல்லரோ?

டயரும் பிரேக்கும்

டயர் மெலிந்திருந்தால் உருளல் எளிது. தடித்திருந்தால் அதிர்ச்சி குறையும். பள்ளங்கள் நிறைந்த நம் சாலைகளுக்கு நடுத்தரத் தடிப்பே தக்கது. டயரில் நிரப்பவேண்டிய காற்றின் அளவு அதன் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயர் வண்டியைப் பின்னுக்கு இழுப்பதுபோல் பளுவாக்கும். பள்ளத்தில் மோதினால் டியூப் ரிம்மிற்கும் தரைக்கும் இடையே நசுங்கிப் பஞ்சராகும்.

ஓடுவதினும் நிற்பது முதன்மையானது. முன்சக்கரத்திற்கு ஒன்றும் பின்சக்கரத்திற்கு ஒன்றுமாக, ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் வண்டிக்கு வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றொன்று காக்கும். பிரேக் பிடிக்கும்போது உடலின் பளு முன்னோக்கிச் சாய்வதால், வண்டியை நிறுத்தும் விசையில் பெரும்பகுதி முன்சக்கரத்திலேயே பிறக்கிறது. முன் பிரேக்கைத் தொட அஞ்சிப் பின் பிரேக்கை மட்டும் நம்புவோர், நெருக்கடியில் நிறுத்த இயலாது வழுக்குவர். முன் பிரேக்கை மட்டும் வலிந்து பிடிப்போரோ தலை குப்புற விழுவர். இரண்டையும் ஒருங்கே, சீராகப் பிடிக்கப் பழகுதல் வேண்டும்.

மற்றொரு செய்தியையும் நெஞ்சில் இருத்துக. எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை அதன்மேல் வழுக்கும். வறண்ட நாளில் நிற்கும் தொலைவில் வண்டி நில்லாது. அலுமினியக் கலவை ரிம் இதனினும் நன்கு பிடிக்கும். வட்டத் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் மழையிலும் பெரிதும் தளராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் வேலைக்குச் செல்லவேண்டியவர்கள் இவ்வேறுபாட்டைக் கருதாமல் வண்டி வாங்குதல் தகாது. எஃகு ரிம் உடைய வண்டியே கையில் இருப்பின், மழையில் விரைவைக் குறைத்து, முன்கூட்டியே பிரேக் பிடிக்கத் தொடங்குதல் வேண்டும்.

துணைக்கருவிகள்

கையிலுள்ள தொகை முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டுத் துணைக்கருவிகளைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்பார் பலர். அந்தப் 'பின்னர்' பெரும்பாலும் வருவதில்லை. தொகையை ஐந்து பங்காக்கி, நான்கு பங்கை வண்டிக்கும் ஒரு பங்கைத் துணைக்கருவிகளுக்கும் ஒதுக்குதல் நன்று. துணைக்கருவிகள் உயிரைக் காப்பன, வண்டியைக் காப்பன, வசதி தருவன என மூவகைப்படும். வாங்கும் முறையும் அவ்வரிசையிலேயே அமைதல் வேண்டும்.

உயிரைக் காப்பனவற்றுள் முதலாவது விளக்கு. முன்புறம் வெள்ளொளியும் பின்புறம் செவ்வொளியும் வேண்டும். நம் வழியை நாம் காண்பதற்கு மட்டுமன்றி, நம்மைப் பிறர் காண்பதற்கும் விளக்கு வேண்டும். பின்புறத்துச் சிவப்பு வில்லை தானாக ஒளிராது. பிறர் விளக்கொளி பட்டால்தான் மின்னும். ஆதலின் வில்லையோடு விளக்கும் வேண்டும். சக்கரத்தில் உரசி ஒளி தரும் பழைய டைனமோ விளக்கு, வண்டி நின்றவுடன் அணைந்துவிடும். நாற்சந்தியில் காத்து நிற்கையில் நாம் இருளில் நிற்போம். மின்னேற்றம் செய்யத்தக்க எல்.இ.டி. விளக்குக்கு இக்குறை இல்லை. இரண்டாவது மணி. மூன்றாவது தலைக்கவசம். அது நெற்றியை மூடி, புருவத்திற்கு மேல் இருவிரல் உயரத்தில் அமர்ந்து, தாடைப்பட்டை இறுக்கமாகப் பூட்டியிருத்தல் வேண்டும். ஒருமுறை பலமாக மோதிய கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினும், உள்ளிருக்கும் நுரைப்பொருள் நசுங்கியிருக்கும். அதை மாற்றிவிடல் வேண்டும். பளிச்சிடும் நிற மேலுடையும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

இவற்றை எல்லாம் பூண்டிருந்தும் அறிவைத் துணைகொள்ளாவிடின் பயனில்லை. இடப்புறம் திரும்ப நிற்கும் லாரியின் இடப்பக்கத்தில் ஒட்டி நில்லாதீர்கள். அங்கு நிற்பவரை ஓட்டுநர் காண்பது அரிது.

வண்டியைக் காப்பனவற்றுள் தலையாயது பூட்டு. பின்சக்கரத்தில் பொருத்திய வளையப்பூட்டு சக்கரத்தைச் சுழலவிடாது. ஆனால் வண்டியைத் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. ஆகவே சட்டத்தையும் ஓர் அசையாத கம்பத்தையும் சேர்த்துப் பிணைக்கும் உறுதியான பூட்டு ஒன்று வேண்டும். காற்றடிக்கும் சிறு பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், திருகுகருவி ஆகியன ஒரு சிறு பையில் அடங்கும். அவற்றைக் கொண்டு பஞ்சர் ஒட்டக் கற்றவர், கடை திறவாத வைகறையிலும் உரிய நேரத்தில் வேலைக்குச் சென்று சேர்வார்.

வசதி தருவனவற்றுள் மட்கார்டும் கேரியரும் முதன்மையானவை. மட்கார்டு இல்லாத வண்டி, மழை நாளில் முதுகின்மேல் சேற்றை வாரி இறைக்கும். அவ்வுடையோடு அலுவலகத்தில் நாள் முழுதும் அமர்ந்திருத்தல் எங்ஙனம்? சோற்றுப் பெட்டியையும் பையையும் கேரியரில் கட்டுதல் நன்று. முதுகில் சுமந்தால் வியர்வை பெருகும். கைப்பிடியில் தொங்கவிட்டால் அது ஆடி, வண்டியின் போக்கைக் கெடுக்கும். சில வேளை முன்சக்கரத்தில் சிக்கி ஆளையும் கவிழ்க்கும். மழைக்கோட்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டும் வழக்கத்தை அடியோடு விட்டொழித்தல் வேண்டும்.

புதியதும் பழையதும்

புதிய வண்டி வாங்கப் பொருள் இல்லாதவர் வருந்த வேண்டுவதில்லை. நல்ல சட்டமுடைய பழைய வண்டி, தரங்குறைந்த புதிய வண்டியினும் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதனைச் சோதித்து வாங்குதல் வேண்டும். சட்டத்தின் இணைப்புகளில் வெடிப்போ துருவோ உண்டா எனக் காண்க. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுக. அது நேராக ஓடாது பக்கவாட்டில் நெளிந்தால் கம்பிகள் தளர்ந்துள்ளன அல்லது ரிம் வளைந்துள்ளது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் கைப்பிடித் தண்டு தடதடக்கக் கூடாது. சங்கிலியை அளவுகோல் கொண்டு அளக்க. ஓர் ஆணியின் நடுவிலிருந்து இருபத்து நான்காவது ஆணியின் நடுவரை புதிய சங்கிலியில் 12 அங்குலம் இருக்கும். அரைக்கால் அங்குலம் மிகுந்திருப்பின் அது தேய்ந்துபோனது. மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். இறுதியாக, விற்பவரிடமிருந்து எழுத்து மூலமான பற்றுச்சீட்டைப் பெறுக. சீட்டுத் தர மறுப்பவரிடம் வாங்காதிருத்தலே அறிவுடைமை. திருட்டுப் பொருளை வாங்கிய பழி நம்மைச் சேரக்கூடாது.

புதியதாயினும் பழையதாயினும் ஓட்டிப் பாராமல் வாங்கற்க. கடைவாயிலில் ஒரு வட்டம் சுற்றினால் போதாது. கால்மணி நேரமேனும் ஓட்டிப் பார்த்தால்தான் மணிக்கட்டும் முதுகும் முழங்காலும் தம் கருத்தைக் கூறும்.

பேணும் கடமை

தெரிந்தெடுத்த வண்டியைப் பேணுதல் தேர்வின் மற்றொரு பாதி. கிழமைக்கு ஒருநாள், பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். டயரில் காற்றுப் பார்த்தல், பிரேக் கட்டை தேய்ந்துள்ளதா எனக் காணல், சங்கிலியைத் துடைத்துச் சில துளி எண்ணெய் விடல், தளர்ந்த திருகுகளை முடுக்கல், விளக்குக்கு மின்னேற்றல் ஆகிய ஐந்தும் அடிப்படைக் கடமைகள். ரிம்மிலும் பிரேக்கிலும் எண்ணெய் படலாகாது. எண்ணெய் இன்றி அலறும் சங்கிலி விரைவில் தேயும். தான் தேய்வதோடு பற்சக்கரத்தையும் தேய்க்கும்.

நம் இளைஞரைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அவர் 4 கிலோமீட்டரைக் கடக்கத் தம் முழங்கால்களை ஏறத்தாழ 900 முறை மடக்கி நீட்டுகிறார். திரும்பும்போது மற்றும் 900 முறை. இருக்கை ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தாலும் அத்தவற்றை அவர் நாளொன்றுக்கு 1,800 முறை செய்கிறார். விளக்கு இல்லையேல் அவரை எதிர்நோக்கி வீட்டில் விழித்திருப்போர் நாள்தோறும் அஞ்சுகின்றனர். பூட்டு வலிவற்றதாயின் ஒரு திங்கள் ஊதியம் ஒரு நொடியில் களவு போகிறது. சிறு பொருள்களில் காட்டும் கருத்தே பெரும் பயனைக் காக்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மாணவ மாணவியரே! வண்டி வாங்கும் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை வீடு திரும்பியதும், உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஒருவருடைய வண்டியை அவர் இசைவோடு சோதித்துப் பாருங்கள். இருக்கையின் உயரம் சரிதானா? இரு பிரேக்குகளும் பிடிக்கின்றனவா? பின்புறத்தில் சிவப்பு விளக்கு உண்டா? குறை கண்டால் அவரிடம் பணிவோடு எடுத்துக் கூறுங்கள். உங்களால் இயன்றதை உடனே செம்மை செய்யுங்கள். நாளை இரவு அவர் நலமாக வீடு திரும்புவதற்கு நீங்கள் முடுக்கிய ஒரு திருகும் துணைநிற்கும்.